ரீடைரக்ட்: ஆற்றுப்படுத்தல்

கல்முனையில் ஒரு கடைக்கு இணையத் தொலைபேசி பூட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திய ஒருவர், பின்தெருவில் இருக்கும் ஒரு மேசனை விசாரித்தார். கடைக்கார அண்ணன் கதிரையை விட்டு எழும்பாமலே சொன்னார்: "அவரு இந்த மாசம் மகள்ட வீட்டதான் நிக்கிறாரு தம்பி. அந்தச் சந்தியால இடப்பக்கம் கிறுகுங்க, மறுகா பள்ளிக்கூட மதில் வரும், அதுக்கு அடுத்த வளவு." வந்தவர் போய்விட்டார். என் மடிக்கணினித் திரையில் அப்போது வந்திருந்த 302 என்ற பதிலும் இதே செய்திதான்.

எஸ்.ஐ.பி. எனும் அழைப்புச் சமிக்ஞை நெறிமுறையில் (2002இல் வெளியான ஆர்.எஃப்.சி. 3261 எனும் இணையத் தர ஆவணம்) 3இல் தொடங்கும் பதில்கள் ரீடைரக்ட் வகை. 301 என்றால் ஆள் நிரந்தரமாக இடம் மாறிவிட்டார். 302 என்றால் தற்காலிகமாக. புது முகவரி 'கான்டாக்ட்' வரியில் வரும். முகவரியைச் சொன்னதோடு சேவையகம் விலகிவிடும். அழைத்தவரின் கருவிதான் மறுபடி அழைக்க வேண்டும். 'கால் ஃபார்வர்ட்' அப்படியல்ல. அங்கே நடுவிலுள்ள பதிலிச் சேவையகமே (ப்ராக்ஸி) அழைப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இரண்டையும் 'அழைப்புத் திசைதிருப்பல்' என்று ஒரே சொல்லில் அடக்குவதால்தான், பழுது பார்க்கும்போது பையன்கள் தவறான பெட்டியைத் திறக்கிறார்கள்.

முகவரிகள் பல வந்தால், ஒவ்வொன்றோடும் 0 முதல் 1 வரை 'க்யூ' மதிப்பு இருக்கலாம். கைப்பேசிக்கு 1.0, அலுவலகத்துக்கு 0.5 என்றால் கைப்பேசிதான் முதலில். 'முன்னுரிமை மதிப்பு' என்றாலே விளங்கும். பதில்களுக்குள்ளும் ஒழுங்கு உண்டு. பதிலி ஓர் அழைப்பைப் பல கருவிகளுக்குப் பிரித்தனுப்பி, ஒருவரும் எடுக்காவிட்டால், 6இல் தொடங்கும் மறுப்பு முந்தும். அது இல்லையென்றால் சிறிய வகுப்பு எண் (பதிலின் முதல் இலக்கம்) முந்தும். ஆகவே, 'வேலையாக இருக்கிறார்' எனும் 486ஐவிட 302க்கே முதலிடம்.

இனிச் சொல்லுக்கு வருவோம். 'டைரக்ட்' இலத்தீன் வழி வந்தது; நேர்ப்படுத்து, செலுத்து என்று பொருள். 'ரீ' என்றால் மீண்டும். 'திசைதிருப்பல்' நம் காதில் கவனத்தைக் கலைப்பதாகவே விழுகிறது. தமிழ் விக்கிப்பீடியாவின் 'வழிமாற்று' என்ற சொல் பக்கங்களுக்குப் பொருந்தும். ஆனால் கேட்டவர் தானே போகவேண்டும் என்பது அதில் இல்லை.

அது 'ஆற்றுப்படுத்தல்' என்பதில் இருக்கிறது. ஆறு என்றால் வழி. பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் வறிய பாணனுக்குக் கொடையாளியின் ஊரையும் போகும் வழியையும் சொல்வது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து இவ்வகை. சொன்னவன் கூடப் போவதில்லை, கேட்டவனே நடக்கிறான். இலங்கையில் இச்சொல் உளவளத்துணைக்கு (கவுன்சிலிங்) வழங்குவதால் குழம்பும் என்பார்கள். அங்கும் வழி காட்டுபவர் ஒருவர், நடப்பவர் இன்னொருவர்தானே.

நான் என் குறிப்புகளில் 302ஐத் 'தற்காலிக ஆற்றுப்படுத்தல்' என்றும், ஃபார்வர்டை 'முன்னனுப்பல்' என்றும் எழுதத் தொடங்கிவிட்டேன்.