இரண்டு கட்டத்திலும் டிக் அடித்தவர்கள்

காதல் உறவுக்குள் நடக்கும் வன்முறையை அளக்க ஆய்வாளர்கள் ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு வரி, 'என் துணையைப் பிடித்துத் தள்ளினேன்.' அதன் ஜோடி வரி, 'என் துணை என்னைப் பிடித்துத் தள்ளினார்.' கடந்த ஓராண்டில் இது ஒரு முறை நடந்ததா, 20 முறைக்கு மேலா, நடக்கவே இல்லையா என்று குறிக்க வேண்டும். இப்படி 39 ஜோடிகள், மொத்தம் 78 கேள்விகள். அமெரிக்கச் சமூகவியலாளர் மர்ரே ஸ்ட்ராஸ் 1979இல் வெளியிட்ட அளவுகோலின் 1996ஆம் ஆண்டு வடிவம் இது.

அடித்தவர் ஒரு பக்கம், அடிபட்டவர் மறுபக்கம் என்றுதான் நாம் நினைப்போம். பதில்கள் அப்படி வரவில்லை. அமெரிக்காவில் 18 முதல் 28 வயதுக்குட்பட்ட 11,370 பேர் இதுபோன்ற கேள்விகளுக்குச் சொன்ன பதில்களை வைத்து 2007இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்கள் சொன்ன உறவுகளில் 24 சதவீதத்தில் ஏதோ ஒரு வன்முறை இருந்தது. அதில் ஏறக்குறைய பாதியில் இருவருமே கை நீட்டியிருந்தார்கள். 32 நாடுகளின் கல்லூரி மாணவர்களிடம் ஸ்ட்ராஸ் நடத்திய ஆய்விலும் இருபக்க வன்முறையே அதிகம்.

'அப்போ ரெண்டு பேர் மேலயும்தான் தப்பு' என்று முடித்துவிடாதீர்கள். ஒரு மாலையைக் கற்பனை செய்யுங்கள். அவன் அவளுடைய போனைப் பிடுங்கி பாஸ்வேர்டு கேட்கிறான். அவள் திரும்ப வாங்கப் பார்க்கிறாள். அவன் கையை முறுக்குகிறான், அவள் அவனைத் தள்ளிவிடுகிறாள். மறுநாள் அவள் மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. அன்றிலிருந்து தோழியிடம் பேசக்கூட அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறாள். கேள்வித்தாளில் இருவருமே அடி கொடுத்தவர்கள், இருவருமே அடி வாங்கியவர்கள். தள்ளியது எதற்காக, அதன்பிறகு யார் பயந்து வாழ்கிறார் என்பதற்கு அங்கே கட்டமே இல்லை.

சமூகவியலாளர் மைக்கேல் ஜான்சன் 1995இல் இதைத்தான் பிரித்துக் காட்டினார். சண்டை முற்றிக் கைகலப்பாவது ஒன்று. ஒருவர் மற்றவரின் வாழ்க்கையையே பிடிக்குள் வைத்திருப்பது வேறொன்று. அந்தப் பிடியிலிருந்து திமிறுகிறவரின் அடியும் எண்ணிக்கையில் ஒரு அடியாகவே ஏறிவிடுகிறது. 2007 ஆய்விலேயே, அடித்தவர்களில் காயம் ஏற்படுத்தும் வாய்ப்பு ஆண்களுக்கே அதிகம்.

ஆனாலும் ஒருவரே அடிப்பவராகவும் அடிபடுகிறவராகவும் இருப்பதை ஒதுக்கிவிட முடியாது என்றுதான் நான் நினைக்கிறேன். அதே ஆய்வில், இருபக்கமும் அடி விழுந்த உறவுகளில்தான் காயமும் கூடுதல். அடி அடியை வளர்க்கிறது. வேரும் பல நேரங்களில் ஒன்றே: அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்த்து வளர்ந்தது, சிறுவயதில் தானே அடிபட்டது, குடி, கோபத்தைக் கையாளத் தெரியாதது. இவை ஒருவரை அடிப்பவராகவும் ஆக்குகின்றன, அடிபடுகிறவராகவும் ஆக்குகின்றன. வட கரோலினாவில் 1990களில் காதல் உறவில் வன்முறையைத் தடுக்கப் பள்ளி மாணவர்களுக்காக 'சேஃப் டேட்ஸ்' என்ற பயிற்சி தொடங்கியது. நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்களிடம் அடிப்பதும் குறைந்திருந்தது, அடிபடுவதும் குறைந்திருந்தது.

அதனால் உதவி கேட்டு வரும் இளைஞரிடம் அடித்தாயா, அடிபட்டாயா என்ற இரண்டு கேள்வியையும் கேட்க வேண்டும், துணை பக்கத்தில் இல்லாதபோது. அப்புறம், தாளில் இல்லாத மூன்றாவது கேள்வி: 'நீ இங்கே வந்தது தெரிந்தால் என்ன நடக்கும் என்று பயப்படுகிறாய்?'