கன்வென்ஷன் சென்டரின் முதுகுப்புறம்

தெருவில் ஒரு பெரிய கல்யாண மண்டபம் இருந்தால் என்ன ஆகும் என்பது நமக்குப் பழக்கம். முகூர்த்த நாளில் தெரு அடைத்துக்கொள்ளும். மற்ற நாளில் பூட்டிய கேட்டு, நீளமான காம்பவுண்டுச் சுவர், பின்பக்கம் அடுக்கி வைத்த காலி சிலிண்டர்கள். அந்த மண்டபத்தைப் பல மடங்கு பெரிதாக்கி ஊரின் நட்டநடுவில் கொண்டுபோய் வைத்தால், அமெரிக்க நகரங்களின் கன்வென்ஷன் சென்டர், அதாவது மாநாடும் கண்காட்சியும் நடக்கும் மாநாட்டு மையம், கிடைத்துவிடும். இதைக் கட்டலாமா வேண்டாமா என்ற வாதம் பெரும்பாலும் 'கூட்டம் வரும், வியாபாரம் பெருகும்' என்பதைச் சுற்றியே நடக்கும். ஆனால் அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குக் கூட்டம் பெரிய தொல்லை இல்லை. தொல்லை தருபவை மூன்று: சுவர், லாரி, காலி நாட்கள்.

முதலில் சுவர். அமெரிக்க வர்த்தகக் கண்காட்சியில் ஒரு ஸ்டால் என்பது 10 அடிக்கு 10 அடி. ஆயிரம் ஸ்டால் போட 1 லட்சம் சதுர அடி. நடுவே ஆட்கள் நடக்க வழி விட்டால் தேவை ஏறக்குறைய இரட்டிப்பாகி 2 லட்சம் சதுர அடியில் வந்து நிற்கும். சதுரமாகப் போட்டால் பக்கத்துக்கு 450 அடி. ஃபிலடெல்ஃபியாவின் மையப்பகுதியில் தெருவுக்குத் தெரு இடைவெளி சுமார் 400 அடிதான். அதாவது ஒரே ஒரு கூடம், அதுவும் நடுத்தர அளவுக் கூடம், ஒரு முழு பிளாக்கை விழுங்கிவிட்டு அடுத்த தெருவிலும் காலை நீட்டும். உள்ளே தூண்கள் 90 அடிக்கு ஒன்று, கூரை 30 அடி உயரம், தரை சதுர அடிக்கு 350 பவுண்டு தாங்க வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் ஓடும், சில நேரம் லாரியே உள்ளே வரும். சன்னல் வைக்க மாட்டார்கள். விளக்கு அமைப்பவருக்கு வெயில் எதிரி.

இப்படி ஒரு பெட்டியின் ஓரமாக நடந்து பாருங்கள். சாதாரண நடையில் ஒருவர் நிமிடத்துக்கு 80 மீட்டர் போவார். ஐந்து விநாடிக்கு ஒருமுறை கண்ணுக்கு ஏதாவது புதிதாகப் பட்டால்தான் நடை அலுக்காது, அதற்குக் கடைமுகப்புகள் ஐந்தாறு மீட்டர் அகலத்தில் இருக்க வேண்டும் என்பார் டென்மார்க் கட்டடக் கலைஞர் யான் கேல். 450 அடிச் சுவர் 137 மீட்டர். நூறு விநாடிக்கும் மேல் ஒரு கதவும் இல்லை, ஒரு முகமும் இல்லை. பகலில் அலுப்பு, இரவு ஒன்பது மணிக்கு அச்சம். ஆள் நடக்காத தெருவில் எதிர்ச்சாரிக் கடையும் சீக்கிரம் ஷட்டரை இறக்கும். அதன்பின் அந்தச் சாரியிலும் ஆள் நடக்காது. சுவர் ஒரு பக்கம்தான் எழும்புகிறது, தெரு இரண்டு பக்கமும் படுத்துக்கொள்கிறது.

நான்கு பக்கத்தையும் அழகாக்கிவிடலாமே என்று தோன்றும். முடியாது, ஒரு பக்கம் லாரிக்கு வேண்டும். ஃபிலடெல்ஃபியாவில் 1993இல் திறந்த பென்சில்வேனியா கன்வென்ஷன் சென்டர் தன் நல்ல முகத்தை ஆர்ச் தெருவுக்கும், 2011 விரிவாக்கத்துக்குப் பிறகு பிராட் தெருவுக்கும் காட்டுகிறது. முதுகு ரேஸ் தெருவைப் பார்த்து இருக்கிறது. ரேஸ் தெருவின் அந்தப் பக்கம் சைனாடவுன். அப்பகுதியை வடக்கே ஏற்கெனவே வைன் தெரு விரைவுச்சாலை வெட்டியிருந்தது. தெற்கே சரக்கு மேடைகளும் வெறுஞ்சுவரும் வந்து சேர்ந்தன. 12ஆம், 13ஆம் தெருக்கள் மூடப்படவில்லை, கட்டடத்தின் அடியில் புகுந்து போகின்றன. வண்டிக்கு வழி இருக்கிறது. நடப்பவருக்கும் வழி இருக்கிறது, ஆனால் அது பாலத்தடி வழி.

லாரி விஷயத்தைச் சற்று கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும், தப்பு நடப்பதெல்லாம் அங்கேதான். அமெரிக்க டிரெய்லரின் நீளம் 53 அடி. முன்னால் இழுக்கும் வண்டியோடு 70 அடியைத் தாண்டும். சரக்கு மேடை தரையிலிருந்து 4 அடி உயரத்தில் இருக்கும். லாரி பின்னோக்கி வந்து அதில் வாலை ஒட்ட வேண்டும். அதற்கு மேடைக்கு முன்னால் குறைந்தது 120, 130 அடி திறந்த தளம் தேவை. நகர நடுவில் நிலத்தின் விலையைப் பார்த்து அதை 80 அடியாகச் சுருக்கினால், ஒவ்வொரு லாரியும் பொதுத் தெருவில் குறுக்கே நின்றுதான் பின்னெடுக்கும். ஒவ்வொரு முறையும் இரு திசையும் நிற்கும். இன்னொரு நுணுக்கம்: அங்கே டிரைவர் இடது பக்கம் உட்காருகிறார். இடப்புறம் வளைத்துப் பின்னெடுத்தால் சன்னல் வழியே டிரெய்லரின் வால் தெரியும். வலப்புறம் குருட்டுப் பக்கம். அதனால் நல்ல சரக்குத் தளத்தில் லாரிகள் கடிகாரச் சுற்றுக்கு எதிர்த்திசையில் சுற்றி வரும். ஒருவழித் தெரு காரணமாக அதை மாற்றிப் போட்டால், ஒரே முயற்சியில் முடியும் வேலை மூன்று முயற்சியாகும்.

கண்காட்சி முடியும் மாலைதான் உச்சம். நான்கு மணிக்கு முடிந்தால் ஐந்து மணிக்கு லாரி ஏறிவிடும் என்று நினைத்தால் தவறு. முதலில் நடைவழிக் கம்பளத்தைச் சுருட்டுவார்கள். பிறகு எங்கோ அடுக்கி வைத்திருந்த காலி மரப்பெட்டிகள் ஸ்டாலுக்குத் திரும்பி வரவேண்டும். பெரிய கண்காட்சியில் இதற்கே பல மணி நேரம். பெட்டி வந்த பிறகு கட்டுதல், சீட்டு எழுதிக் கொடுத்தல், அதற்குப் பிறகே அந்தச் சரக்குக்கான லாரியை மேடைக்குக் கூப்பிடுவார்கள். ஆனால் இன்ன மணிக்குள் லாரி வந்து பதிவு செய்யாவிட்டால், சரக்கைக் கண்காட்சி ஒப்பந்ததாரர் தன் வண்டியில், தன் கட்டணத்தில் அனுப்பிவிடுவார் என்பது விதி. எனவே எல்லா டிரைவர்களும் முன்கூட்டியே வந்துவிடுகிறார்கள். காத்திருக்க ஊருக்கு வெளியே ஒரு லாரித் திடல் வைத்து, நம்பர் கொடுத்து, முறை வந்ததும் போனில் அழைத்தால் சிக்கல் இல்லை. திடல் இல்லாத ஊரில் பக்கத்துத் தெருக்களே திடல். இரவு பதினொன்றுக்கு எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், மேல்மாடி வீட்டின் சன்னல் மூடியிருக்கும்.

நியூயார்க்கின் ஜாவிட்ஸ் சென்டர் இதற்குப் பணத்தால் பதில் சொன்னது. 1986இல் திறந்த அந்தக் கட்டடத்தின் லாரிகள் மேற்கு மன்ஹாட்டன் தெருக்களில்தான் பல ஆண்டுகள் காத்துக் கிடந்தன. 2021இல் முடிந்த விரிவாக்கத்தில் 200 லாரிகளுக்கு மேல் நிறுத்தும் பலதளக் கட்டடம் ஒன்றை வளாகத்துக்குள்ளேயே கட்டினார்கள். விரிவாக்கத்தின் கூரைத்தோட்டம்தான் படங்களில் வரும். தெருவாசிக்கு உதவியது இந்த லாரிக் கட்டடம்.

மூன்றாவது தொல்லை நாட்காட்டி. கூடம் 'நிரம்பியிருக்கிறது' என்று நிர்வாகம் சொல்லும்போது, ஸ்டால் கட்டும் நாளும் பிரிக்கும் நாளும் அதில் சேர்த்தி. இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே விழும் இடைவெளிகளால், ஆண்டில் 70 சதவீதத்தையே நடைமுறை உச்சம் என்று இத்துறையில் எடுத்துக்கொள்வார்கள். ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். 60 சதவீதம் என்றால் 219 நாள். ஒரு நிகழ்ச்சிக்குக் கட்ட மூன்று நாள், நடக்க மூன்று நாள், பிரிக்க இரண்டு நாள் என்று வைத்தால், எட்டில் மூன்று பங்கு நாட்களில்தான் விருந்தினர் தெருவில் இருப்பார்கள்: சுமார் 82 நாள். மீதி 283 நாள்? அந்த 82 நாளிலும் மதியச் சாப்பாடு பெரும்பாலும் உள்ளேயே, கூடத்தின் ஒப்பந்தச் சமையற்காரர் கையால். ஓட்டலிலிருந்து கூடத்துக்கு வானப்பாலம் வேறு இருந்தால் காலைக் காபிகூடக் கீழே இறங்கிக் குடிக்க வேண்டியதில்லை. ஃபிலடெல்ஃபியாவில் 12ஆம் தெருவுக்கு மேலே அப்படியொரு பாலம் மாரியட் ஓட்டலையும் மையத்தையும் இணைக்கிறது. மழைக்கு வசதி, தெருவுக்கு நட்டம்.

82 நாள் கூட்டத்தை நம்பிக் கடை வைப்பவர் யார்? ஒரு வாரம் வழிந்து, அடுத்த வாரம் காய்ந்தாலும் தாங்கும் சங்கிலி உணவகம்தான். வாடகையும் அந்த ஆளுக்கு ஏற்ப ஏறும். சாவிக்கு நகல் எடுப்பவர், காலணி தைப்பவர், மளிகைக்காரர் போய்விடுவார்கள். இதில் ஃபிலடெல்ஃபியாவுக்கு ஒரு நல்ல விதிவிலக்கு வாய்த்தது. மையத்தின் ஒரு பகுதி 1893இல் எழுந்த ரெடிங் டெர்மினல் ரயில் நிலையத்தின் பிரம்மாண்ட வளைவுக் கூரைக்குக் கீழ் இருக்கிறது. கடைசி ரயில் 1984இல் போனது. அந்தக் கூரைக்கு அடியில், தரைத்தளத்தில், அதே காலத்துச் சந்தை இன்றும் நடக்கிறது. மையத்தைக் கட்டியபோது சந்தையை அகற்றாமல் புதுப்பித்தார்கள். மாநாட்டுக்கு வருபவர் சாண்ட்விச் வாங்குவார், ஆனால் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு இரண்டு கிலோ மீனை வாங்க மாட்டார். எல்லாக் கடையும் சாண்ட்விச் கடையாகிவிட்டால் உள்ளூர்க்காரருக்கு அங்கே வேலையில்லை. அதனால் கறி, மீன், காய்கறிக் கடைகளின் பங்கைக் காப்பது சந்தை நிர்வாகத்தின் கொள்கையிலேயே இருக்கிறது. சந்தை சந்தையாக நீடிப்பதற்கு, விருந்தினர் கூட்டத்தைவிட இந்தக் கட்டுப்பாடே முக்கியம் என்பேன்.

பெட்டியை மறைக்க முடியுமா? மண்ணுக்குள் புதைக்கலாம். சான் பிரான்சிஸ்கோவின் மாஸ்கோனி சென்டர் 1981இல் அப்படித்தான் வந்தது. 275 அடி பாயும் கான்கிரீட் வளைவுகள் கூரையைத் தாங்குகின்றன. நிலத்தடிக் கூடத்தின் மேல் இன்று யெர்பா புவெனா தோட்டம், குழந்தைகள் விளையாடும் இடம், பனிச்சறுக்குத் தளம். புதைத்தால் நிலத்தடி நீர் கீழிருந்து மேலே தள்ளும் என்பதால் தரையைக் கனமாகவும் இறுக்கமாகவும் கட்ட வேண்டும்; லாரிக்குச் சரிவுப்பாதை வேண்டும்; செலவு கூடும். ஆனால் அந்தத் தோட்டத்தின் கதை தோட்டத்தோடு முடியாது. அந்த நிலத்தில் மலிவு விடுதி அறைகளில் சுமார் 4,000 பேர் வாழ்ந்தார்கள், பெரும்பாலும் ஓய்வுபெற்ற தனி ஆண்கள். வெளியேறச் சொன்னபோது அவர்கள் 1969இல் சங்கம் அமைத்து வழக்குப் போட்டார்கள். பலனாக ஓட்டல் வரியில் ஒரு பங்கு மலிவு வாடகை வீடுகளுக்குப் போனது. அமெரிக்காவில் ஓட்டல் வரி பொதுவாக மாநாட்டு மையத்தின் கடனை அடைக்கவே பூட்டி வைக்கப்படும்; பூங்காவுக்கோ நடைபாதைக்கோ தொட முடியாது. சியாட்டிலில் பெரிய ஓட்டல்களில் அறை வாடகைமேல் 7 சதவீதம் அப்படித்தான் போகிறது.

சியாட்டில் வேறு வழியை எடுத்தது. 1988இல் பழைய மையத்தை ஐ-5 நெடுஞ்சாலையின் தலைமேலேயே கட்டினார்கள். 2023 ஜனவரியில் திறந்த 'சம்மிட்' கட்டடத்தில் கூடங்களைப் பரப்பாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். பெரிய கண்காட்சிக் கூடம் நிலத்தடியில், நடன அரங்கு உச்சியில். தெரு ஓரத்தில் கடைகள், கண்ணாடிக்குப் பின்னால் ஏறி இறங்கும் மனிதர்கள். விலை சுமார் 200 கோடி டாலர். அடுக்கியதற்கு இன்னொரு விலையும் உண்டு: ஒரே தளத்தில் பரந்த கூடம் கேட்கும் பெரிய கண்காட்சிகளுக்கு இது ஒத்துவராது. மேல்தளத்துக்குச் செல்லும் ஒவ்வொரு பெட்டியும் லிஃப்டில் வரிசை நிற்கும்.

தலைநகர் வாஷிங்டனில் கட்டியதையே இடித்தார்கள். 1980களின் தொடக்கத்தில் எழுந்த பழைய மையம் 10ஆம் தெருவையும் ஐ தெருவையும் அடைத்துக்கொண்டு நின்றது. 2003இல் வடக்கே புதியது திறந்தது. அங்கே முக்கியக் கூடம் தரைக்குக் கீழே. எல், எம் தெருக்கள் கட்டடத்தின் ஊடே போகின்றன. அடுத்த ஆண்டு டிசம்பரில் பழையதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். நிலம் சில காலம் கார் நிறுத்துமிடமாகக் கிடந்து, பிறகு வீடுகளும் அலுவலகங்களும் கடைகளுமாக மாறியது. 10ஆம் தெருவும் ஐ தெருவும் மறுபடி அதன் ஊடே போகின்றன. கடைகள் லூயி வுய்டன், எர்மெஸ் போன்ற ஆடம்பர ரகம், சுத்தியல் வாங்க வேறு தெருவுக்குத்தான் போக வேண்டும். போகலாம், 10ஆம் தெரு வழியாக நடந்தே.