உயில்: விருப்பமும் காட்சியும்

உயில் என்ற சொல், கேட்ட மாத்திரத்தில் உயிருக்கு உறவு போலத் தோன்றும். உறவே இல்லை. விருப்பம், மனத்திட்பம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லான 'வில்' தமிழர் நாவில் உருமாறி வந்தது அது. இதழ் குவித்துச் சொல்லும் முதல் ஒலியை நம் காது உகரமாக வாங்கிக்கொண்டது. 'வில்' என்றே எழுதியிருந்தால் நாணேற்றும் வில்லோடு குழம்பியிருக்கும்.

சொல் வெளியிலிருந்து வந்ததற்குக் காரணம் உண்டு. பழைய இந்து தரும நூல்களில் உயில் என்ற கருத்தே கிடையாது. அது ஆங்கிலேயர் கால நீதிமன்றங்களில் வேர்விட்டது. இந்து உயில் சட்டம் 1870இல் வந்தது. இஸ்லாமியரிடம் 'வஸிய்யத்' என்ற உயில் முறை முன்பே இருந்தது. அதில் அடக்கச் செலவும் கடனும் போக மிஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் எழுத முடியாது.

தமிழில் மரண சாசனம், விருப்புறுதி, இறுதி விருப்ப ஆவணம் என்றெல்லாம் சொல்கிறோம். பத்திரங்களில் 'உயில் சாசனம்' என்றே எழுதுகிறார்கள். என் தேர்வு 'விருப்ப ஆவணம்'. மரணத்தை முன்னே நிறுத்தும் பெயர், எழுத வேண்டியவரையே தள்ளிப்போட வைக்கிறது. தவிர, உயிரோடும் தெளிவோடும் இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றி எழுதலாம் என்பதால், விருப்பம் என்ற சொல்லே இதன் இயல்புக்குப் பொருந்துகிறது.

விருப்பம் மட்டும் போதாது. பெரியபுராணத்தில் திருவெண்ணெய்நல்லூர் அவையோர், சுந்தரரை அடிமை என்று வழக்காட வந்த முதியவரிடம் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்ற மூன்றில் ஒன்றைக் காட்டச் சொல்கிறார்கள். ஆட்சி என்றால் வழிவழி வந்த நடைமுறை. காட்சி என்றால் கண்டவர் சொல். முதியவர் ஓலையைக் காட்ட, சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறொரு ஓலையை வருவித்துக் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இன்றைய சொத்து வழக்குகளைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல சொற்கள் எனக்குக் கிடைக்கவில்லை.

உயில் வழக்கு என்பது ஆவணமும் காட்சியும். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி குறைந்தது இரண்டு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, பதிவு செய்துவிட்டதாலேயே உயில் மெய்யாகிவிடுவதும் இல்லை. ஐயத்துக்குரிய சூழல் இருந்தால் அதைப் போக்க வேண்டியது உயிலைக் கொண்டுவந்தவரின் பொறுப்பு என்று 1958இல் உச்ச நீதிமன்றம் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் சொன்னது. நடுங்கிய கையெழுத்து, தளர்ந்த மனநிலை, பெரும் பங்கைப் பெறுபவரே முன்னின்று எழுதவைத்தது போன்றவை அத்தகைய சூழல்கள். மனைவியின் பெயரே உயிலில் இல்லாததும் ஐயத்தைக் கூட்டக்கூடும்.

மனைவி என்றதும் இன்னொரு சொல்லைச் சொல்லியாக வேண்டும்: 'வாழாவெட்டி'. பிரிந்து வாழும் பெண்ணை இழிவாகச் சுட்டும் இந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் எந்தப் பொருளும் இல்லை. இருபது ஆண்டுகள் தனியே வாழ்ந்திருந்தாலும், நீதிமன்றமே பிரிந்து வாழ அனுமதித்திருந்தாலும், மணமுறிவு ஆகாதவரை அவள் மனைவி. உயில் எழுதாமல் கணவன் இறந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகன், மகள், மாமியாரோடு அவளும் முதல் வகுப்பு வாரிசு. "அவதான் போயிட்டாளே" என்று சொல்லி அவளைக் கழித்துவிட முடியாது.

"ஊர்க்கூட்டத்தில் அறுத்துவிட்டோம்" என்று எதிர்த்தரப்பு சொன்னால், அப்போதுதான் ஆட்சி வருகிறது. வழக்காற்று மணமுறிவை 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் ஒழிக்கவில்லை. ஆனால் அந்தச் சமூகத்தில் அது நெடுங்காலமாக, ஒரே சீராக நடந்துவந்ததை நிரூபிக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்திட்ட தாள் ஒன்று மட்டும் இருந்தால் போதாது.

அந்த வழக்காறு நிலைநாட்டப்படாவிட்டால் கணவன் செய்த இரண்டாவது மணம் செல்லாது. ஆனால் அந்த மணத்தில் பிறந்த பிள்ளைகளைச் சட்டம் கைவிடவில்லை. பெற்றோரின் சொத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு. கூட்டுக் குடும்பச் சொத்திலும் பெற்றவருக்கு வரக்கூடிய பாகத்துக்குள் அவர்கள் பங்கு கேட்கலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.