கணுவுக்கு மட்டும் தெரியும் தாங்கி

கடலடிக் கிணற்றிலிருந்து மிதக்கும் கப்பலுக்கு எண்ணெயை ஏற்றிவரும் குழாய்க்கு ரைசர் என்று பெயர். வளையக்கூடிய ரைசராக இருந்தால், பல இடங்களில் நடுநீரில் ஒரு வளைவுத் தாங்கியை மிதக்கவிட்டு அதன் முதுகில் போட்டுவிடுவார்கள். மேலே கப்பல் ஆடும் ஆட்டம் கீழே அவ்வளவாக எட்டாது.

சரி, இந்தத் தொடுகையைக் கணினியில் எப்படிக் காட்டுவது? ஆர்காஃபிளெக்ஸ் போன்ற மென்பொருளில் ரைசர் ஒரு மூங்கில் மாதிரி. நிறையெல்லாம் கணுக்களில், கணுக்களுக்கு நடுவே எடையற்ற ஸ்பிரிங். தாங்கியின் திடப்பரப்பில் முட்டுவதும் கணுக்கள்தான். இரு கணுக்களுக்கு நடுவே உள்ள துண்டுக்குத் தாங்கி இருப்பதே தெரியாது!

தாங்கியின் ஆரம் 3 மீட்டர், துண்டின் நீளம் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரு கணுக்களும் பரப்பில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும். துண்டின் நடுப்பகுதியோ 17 செ.மீ. உள்ளே போயிருக்கும். துண்டை அரை மீட்டராக்கினால் இது 1 செ.மீ.க்கு வந்துவிடும். கூர்மையான விளிம்பு இன்னும் மோசம். இரு கணுக்களுக்கு இடையே அது குழாயைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நிற்கும், விசை பூஜ்யம் என்று திரை சொல்லும்.

அடுத்தது தாங்கிப் பரப்பின் விறைப்பு. கணு பரப்புக்குள் எவ்வளவு புதைகிறதோ அந்த அளவுக்கு வெளியே தள்ளு என்பதுதான் கணினிக்கு நாம் தரும் விதி. விறைப்பு மீட்டருக்கு 1,000 கிலோநியூட்டன், அழுத்தும் விசை 10 கிலோநியூட்டன் என்றால் கணு 1 செ.மீ. புதையும். விறைப்பை 100 மடங்கு ஏற்றினால் 0.1 மி.மீ.தான். அப்படியே ஏற்றிவிடலாமே என்று தோன்றும். ஆனால் 1 டன் கணு அந்த ஸ்பிரிங்கில் அதிரும் காலம் 0.2 விநாடியிலிருந்து 0.02 விநாடிக்குச் சுருங்கிவிடும். ஒரு கணத்தின் நிலையை வைத்தே அடுத்த கணத்தைக் கணக்கிடும் வெளிப்படைக் கணக்கீட்டு முறையில், காலப்படி, அதாவது அந்த இரு கணங்களுக்கு இடையிலான இடைவெளி, அதைவிடவும் சிறிதாக இருக்க வேண்டும். 3 மணி நேரப் புயல் என்பது 10,800 விநாடி; அப்புறம் கணினி ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நிஜ எஃகின் விறைப்பைத் தேடி அலைவதைவிட, புதைவு குழாயின் விட்டத்தோடு ஒப்பிடப் பொருட்படுத்த முடியாத அளவில் இருந்தால் போதும் என்பது என் கட்சி.

உராய்விலும் இதே சமரசம் உண்டு. வழுக்கும் திசை மாறும்போது விசை சட்டென்று குறி மாறினால் கணக்கு நடுங்கும். அதனால் சிறு இடப்பெயர்ச்சிக்குள் அதைப் படிப்படியாக ஏற்றுகிறார்கள்.

குழாய் தாங்கியின் மேல் வழுக்கும் அசைபடம் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். நான் நம்புவது தொடுவிசை வரைபடத்தை. அதில் ரம்பப் பல் போல முனைகள் தெரிந்தால் துண்டின் நீளத்தைப் பாதியாக்கி மறுபடி ஓட்ட வேண்டும். முனைகள் இடம் மாறினாலோ சிறுத்தாலோ, அவை விளிம்பைத் தாண்டிப்போன கணுக்களின் வேலை.