மிரட்டலைக் குழைந்து வாசிக்காதீர்கள்

குடும்ப நாவல்களை ஒலிநூலாக வாசிப்பது என் தொழில். காதல், அவசரக் கல்யாணம், கூட்டுக்குடும்பம், மாமியார், நாத்தனார், சொத்துத் தகராறு, கடைசியில் எல்லோரும் ஒன்றுசேரும் ஒரு விசேஷம். இந்தக் கதைகளை எனக்கு நிஜமாகவே பிடிக்கும். கேட்டுவிட்டு எழுதுகிறவர்களில் பலர் பெண்கள். சமைத்துக்கொண்டே கேட்டேன், தையல் மெஷினில் உட்கார்ந்தபடி கேட்டேன் என்பார்கள். அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

புத்தகமாகப் படிக்கும்போது ஒரு வசனத்தின் தொனியை வாசகரே மனசுக்குள் போட்டுக்கொள்வார். ஒலிநூலில் அந்த வேலையை நாங்கள் செய்து முடித்தே கையில் கொடுக்கிறோம். யார் பக்கம் நியாயம், யார் மேல் பரிதாபப்பட வேண்டும் என்பதுவரை குரல் சொல்லிவிடுகிறது.

இந்த வகைக் கதைகளில் அடிக்கடி வரும் ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். கதாநாயகன் அறைக் கதவை மறித்து நிற்கிறான். "என்னை மீறி நீ எங்கேயும் போக முடியாது" என்கிறான். அவளுக்குக் கை நடுங்கியது என்று அடுத்த வரி. இதைப் பலரும் எப்படி வாசிக்கிறார்கள் தெரியுமா? மைக்குக்கு இரண்டு அங்குலம்வரை நெருங்கி, குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் மூச்சுக்காற்றைக் கலந்து, உதட்டோரச் சிரிப்போடு. நாங்கள் பெரும்பாலும் பயன்படுத்தும், முன்னாலிருந்து வரும் ஒலியையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு மைக்குகளில், வாய் நெருங்க நெருங்கக் குரலின் அடித்தொனி கூடும். காதோடு காதாகப் பேசுவது போல ஒரு கனம் வந்துவிடும். அதற்கடியில் புல்லாங்குழலையும் ஓடவிட்டால் முடிந்தது, மிரட்டல் காதலாகிவிட்டது. அவள் கை பயத்தில் நடுங்கியது என்று யாருக்கும் தோன்றாது. வெட்கம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

நான் அந்த இடத்தில் மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருப்பேன், மற்ற வசனங்களுக்கு இருந்த அதே தூரம். 'முடியாது' என்ற சொல்லை இழுக்காமல், குழையாமல், எழுதியிருக்கிற கடுமையோடு முடிப்பேன். ஒரு முழு மூச்சு இடைவெளி. அப்புறம்தான் அவள் வரி. இசை வேண்டாம் என்று ஒலிப்பதிவை எடிட் செய்பவருக்கும் குறிப்பு எழுதிவிடுவேன். அவன் பின்னால் திருந்துகிற கதையென்றால் இது இன்னும் முக்கியம். முதலிலிருந்தே தேனாகப் பேசியவன் இருபதாம் அத்தியாயத்தில் மன்னிப்புக் கேட்டால், எதற்குக் கேட்கிறான் என்றே கேட்பவருக்குப் புரியாது.

வரியை மாற்றிவிடலாமே என்று சில புதியவர்கள் கேட்கிறார்கள். கூடாது. 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், தன் படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையை எழுத்தாளருக்குக் கொடுத்திருக்கிறது. மாற்றத் தேவையும் இல்லை. 'நடுங்கியது' என்று எழுத்தாளரே எழுதியிருக்கிறாரே, அதை நம்பி வாசித்தால் போதும்.

காதலன் மட்டுமில்லை. தங்கையை அறைகிற அண்ணன் குரலில் பாசம் பொங்குகிறது. போனைப் பிடுங்கி வைக்கும் அப்பா குரலில் அக்கறை வழிகிறது. உறவு நெருக்கமானது என்பதாலேயே எல்லாவற்றையும் இனிப்பாக்க வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. சொல்லாலும் மனத்தாலும் துன்புறுத்துவது, செலவுக்குப் பணம் தராமல் முடக்குவது எல்லாமே அதில் அடங்கும். மனைவி மட்டுமல்ல, ஒரே வீட்டில் வாழும் அம்மா, மகள், தங்கை யாரும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்கலாம். விருப்பமில்லாத பெண்ணை விடாமல் பின்தொடர்வது 2013 முதல் தனிக் குற்றம். நம் கதாநாயகர்கள் பலர் அதை முதல் அத்தியாயத்திலேயே செய்துவிடுகிறார்கள்.

மாமியார் விஷயத்தில் நேர்மாறான தவறு நடக்கிறது. முதல் வசனத்திலேயே மூக்கால் கீச்சென்று ஒரு வில்லிக் குரல். அந்த அம்மாள் முப்பதாம் அத்தியாயத்தில் மருமகள் கையைப் பிடித்து அழும்போது, அந்தக் குரலால் அழ முடியாது. அதனால் முழு நாவலையும் படித்துவிட்டே மைக் முன்னால் உட்காருங்கள். அந்த அம்மாள் எந்த ஊர், யாரை 'வா' என்பார், யாரை 'வாங்க' என்பார், எப்போது பேச்சு தடுமாறும் என்று குறித்துக்கொண்டால் குரல் தானாகக் கிடைக்கும். கோயம்புத்தூர்ப் பக்கத்து மாமியார் "சாப்பிட்டயா கண்ணு" என்று கேட்டுவிட்டு, அதே மூச்சில் நகையைப் பற்றி விசாரிக்கிறார் என்றால், இரண்டையும் ஒரே குரலில் சொல்லிப் பாருங்கள். வில்லிக் குரலைவிட அதுதான் உறைக்கும்.

ஆண் குரலுக்காகத் தொண்டையை அழுத்தும் பெண் வாசிப்பாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வேகத்தைக் குறைத்து, ஏற்ற இறக்கத்தைச் சுருக்கினாலே போதும். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியே இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

சரி, கேட்பவர்களுக்கு. கதையில் வருகிற மிரட்டல் உங்கள் வீட்டிலும் கேட்கிறது என்றால், பேசுபவர் கணவரோ, அண்ணனோ, மாமியாரோ, 181 என்ற மகளிர் உதவி எண்ணைக் கூப்பிடலாம். கட்டணம் இல்லை, எந்த நேரமும் பேசலாம். குடும்ப வன்முறைச் சட்டப்படி நியமிக்கப்பட்ட மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் பாதிக்கப்பட்டவர்தான் போய்ச் சொல்ல வேண்டும் என்றில்லை, விஷயம் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரும் சொல்லலாம்.