சேலத்துத் தட்டுவடை செட்டும் சென்னைக்கு வரும் பூண்டு விழுதும்

இரண்டு தட்டுவடைக்கு நடுவே காய்த் துருவலும் சட்னியும் வைத்துத் தரும் சேலத்தின் தட்டுவடை செட்டைச் சென்னையில் விற்க முன்வருவோர் கூடிக்கொண்டே வருகிறார்கள். உணவுப் பாதுகாப்பு ஆலோசகர் என்ற முறையில் அவர்களுள் பலரைச் சந்திக்கிறேன். அம்மாபேட்டையிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் மாலை நேரத்தில் கூட்டம் கூட்டும் ஒரு பண்டம் ஊர் தாண்டி வருவதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் சென்ற வாரம் வேளச்சேரிப் பக்கம் கடை போடவிருக்கும் ஓர் இளைஞர் கொண்டுவந்து காட்டிய பிளாஸ்டிக் டப்பாவைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. உள்ளே அடர்சிவப்பாகப் பூண்டு மிளகாய் விழுது, அதன் மேல் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கடலை எண்ணெய். வீட்டில் வதக்கி அரைத்து, இரவுப் பேருந்தில் போட்டுவிட்டார்களாம். வேண்டும்போது அள்ளித் தண்ணீரில் கரைத்தால் காரச் சட்னி தயார். பத்து நாளுக்கு வருமாம். குளிர்பெட்டியில் வைத்தீர்களா என்று கேட்டேன். “எண்ணெய் நிக்குது மேடம், கெடாது” என்றார்.

இந்த ஒரே பதிலை வெவ்வேறு வாய்களிலிருந்து கேட்டுச் சலித்துவிட்டேன். எண்ணெய் மிதந்தால் கெடாது என்ற நம்பிக்கை ஊறுகாய் ஜாடியிலிருந்து வந்தது. ஊறுகாயைக் காப்பது எண்ணெய் அன்று. உப்பும் புளிப்பும்தான் காக்கின்றன. எண்ணெய் காற்றை மறைத்து, மேலே பூஞ்சை பூக்காமல் தடுக்கிறது, அவ்வளவே. உப்பும் புளிப்பும் குறைவாக உள்ள பூண்டு விழுதின் மேல் அதே எண்ணெயை ஊற்றும்போது, காற்று இல்லாத இடத்தில் மட்டுமே வளரும் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற நுண்ணுயிரிக்கு அதற்கு வேண்டிய வீட்டை நாமே கட்டிக்கொடுக்கிறோம். அதன் வித்துகள், அதாவது வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கி உறங்கிக் கிடக்கும் அதன் வடிவங்கள், மண்ணில் இருப்பவை. பூண்டோ மண்ணுக்குள் விளைவது.

“நாங்கள் பச்சையாக வைப்பதில்லை, நன்றாக வதக்குகிறோம்” என்பது அடுத்த பதில். வாணலியில் எண்ணெய் 150 டிகிரியைத் தொட்டாலும், ஈரம் இருக்கும்வரை பூண்டின் உள்ளே வெப்பம் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். அந்த வெப்பத்தில் மற்றக் கிருமிகள் பெரும்பாலும் மடியும். பொட்டுலினம் வித்துகள் மடியா. அவற்றை அழிக்கப் பிரஷர் குக்கர் போன்ற கலனில் அழுத்தத்துடன் 121 டிகிரி வரை போக வேண்டும். ஆகவே வதக்கிய விழுதில் போட்டிக்கு வேறு கிருமி அதிகம் இல்லாமல் இந்த வித்துகள் மிஞ்சுகின்றன. டப்பா சென்னை வெயிலில் நிற்கும்போது அவை முளைத்து நஞ்சை உண்டாக்கக்கூடும். அந்த நஞ்சு இருப்பதை மணத்தாலோ சுவையாலோ கண்டுபிடித்துவிடலாம் என்று யாரும் நம்ப வேண்டாம். கொதிக்க வைத்தால் நஞ்சு சிதையும் என்பது உண்மை. ஆனால் தட்டுவடை செட்டுக்குச் சட்னியைக் கொதிக்க வைத்து யார் பரிமாறுகிறார்கள்?

இது நடக்காத கதை அன்று. 1985இல் கனடாவின் வான்கூவர் நகரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேருக்கு, இந்த நஞ்சு நரம்புகளை முடக்குவதால் வரும் பொட்டுலிசம் நோய் வந்தது. காரணம், சோயா எண்ணெயில் போட்ட நறுக்கிய பூண்டு, குளிர்பெட்டிக்கு வெளியே வைக்கப்பட்டிருந்த புட்டி. நம் நாட்டில் இந்நோய் அரிதாகவே பதிவாகிறது. அரிது என்பதற்காக அசட்டையாக இருந்து, ஒரு நகரத்துக்குப் புதிதாக வரும் பண்டத்தின் மேல் இந்தப் பழியை ஏற்றிவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். ஒரே ஒரு கடையில் ஒரே ஒரு முறை நடந்தால் போதும். தட்டுவடை செட் என்றாலே ஆபத்து என்று இந்த ஊர் முடிவு கட்டிவிடும்.

சேலத்தில் இத்தனை ஆண்டுகளாக ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். அங்கே சட்னி அன்றன்று அரைபடுகிறது, அரைத்தது அன்றே காலியாகிறது. புது ஊரில் வாடிக்கையாளருக்குப் பண்டத்தின் பெயரே பழக்கமில்லை; இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட், கேரட், வெங்காயத் துருவலும் இரு நிறச் சட்னியும் எதற்கு என்று விளக்கிச் சொல்லித்தான் முதல் தட்டையே விற்க வேண்டியிருக்கிறது. விற்பனை மந்தமாக இருக்கும் அந்த முதல் மாதங்களில் சட்னியும் துருவலும் வண்டியில் மணிக்கணக்காக நிற்கின்றன. செய்முறை அதேதான், நிற்கும் நேரம் மாறிவிட்டது. பொட்டுலினத்தைவிட அன்றாடம் நான் அஞ்சுவது இதைத்தான். கொத்தமல்லி, புதினா சட்னியைச் சுட வைப்பதே இல்லை. இலையில் ஒட்டிய மண்ணும், அரைக்கச் சேர்த்த நீரும், கரண்டி பிடித்த கையும் கொண்டுவந்ததெல்லாம் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் பெருகிக்கொண்டே போகும். தட்டுவடை எண்ணெய்ப் பண்டம், அதனால் கெடுதல், துருவல் பச்சைக் காய்கறி, அதனால் நல்லது என்று வாடிக்கையாளரும் நம்புகிறார், கடைக்காரரும் நம்புகிறார். கிருமியைப் பொறுத்தவரை அந்தத் தட்டில் மிகப் பாதுகாப்பானது ஈரமற்ற தட்டுவடைதான்.

எனவே சேலத்திலிருந்து உலர்ந்த பொருள்களை மட்டும் கொண்டுவாருங்கள்: காற்றுப் புகாமல் கட்டிய தட்டுவடை, முறுக்கு, மிளகாய்த்தூள். சென்னைக் காற்றின் ஈரத்தில் நமத்துப்போன தட்டுவடையை மறுபடி எண்ணெயில் போட்டு எடுக்காதீர்கள். சிறு சிறு கட்டாகப் பிரித்து வையுங்கள். சட்னியை இங்கேயே, அன்றன்று, குடிநீரில் அரையுங்கள். வண்டியில் அரை லிட்டர் பாத்திரம் ஒன்றை ஐஸ் பெட்டிக்குள் வைத்து, காலியானதும் கழுவிய வேறு பாத்திரத்தை எடுங்கள். பழைய சட்னியின் மேல் புதியதை ஊற்றுவது கூடவே கூடாது. துருவலுக்கும் இதே விதி. காய்களைத் தோல் சீவுவதற்கு முன்பே கழுவுங்கள், பிறகு மட்டும் அன்று. இரவு மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். மனம் வராது, தெரியும். மறுநாள் குறைவாக அரைத்தால் கொட்ட வேண்டியிருக்காது.

பூண்டு விழுது முன்கூட்டியே வேண்டும் என்பவர்கள் 4 டிகிரி குளிரில் வைத்து நான்கு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். அதற்கு மேல் வைத்து விற்க விரும்பினால் வினிகரோ எலுமிச்சையோ சேர்த்து, புளிப்பைக் காட்டும் பிஎச் அளவை (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6க்குக் கீழே, நான் சொல்வதானால் 4.2க்குக் கீழே, கொண்டுவந்து மீட்டரில் அளந்து பாருங்கள். “புளி சேர்த்திருக்கிறோம்” என்பது அளவாகாது. புளிப்பினால் சிவப்பு மங்கினால் மங்கட்டும். நிறத்துக்காகச் சாயப்பொடி தூவாதீர்கள். 2024 பிப்ரவரியில், துணிக்கு ஏற்றும் ரோடமின் பி சாயம் கண்டுபிடிக்கப்பட்டுத் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தள்ளுவண்டிக்கும் பதிவு கட்டாயம். முதல் நாளுக்கு முன்பே செய்துவிடுங்கள்.

வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சாப்பிட்ட சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ பார்வை இரட்டையாகத் தெரிவது, இமை தொங்குவது, நாக்குக் குழறுவது, விழுங்க முடியாமல் போவது ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அதை அசதி என்று எண்ணிப் படுத்துவிடாமல் உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள்; என்ன சாப்பிட்டீர்கள், எங்கே சாப்பிட்டீர்கள் என்பதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். நச்சு முறிவு மருந்து எவ்வளவு முன்னதாகக் கிடைக்கிறதோ அவ்வளவுக்குப் பயன் தரும். கடைக்காரர் அந்த விழுது டப்பாவைப் பயந்து சாக்கடையில் கொட்டிவிடாமல், மூடி போட்டுத் தனியே எடுத்து வைத்து, உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும்.