விழிநாள ஒளிர்படம்

கோத்தகிரிப் பக்கம் ஒரு கண் முகாமில் கொடுத்த துண்டுத்தாளை எதிர்வீட்டுப் பெரியம்மா கொண்டுவந்து நீட்டினார். இருபது வருஷத்துக்கு மேல் தேயிலை பறித்தவர். இப்போது சர்க்கரை கண்ணைத் தொட்டிருக்கிறது. கீழே கோயம்புத்தூரில் போய் எடுக்கச் சொன்ன சோதனைக்குத் தாளில் போட்டிருந்த பெயர்: "கண்ணில் சாயம் செலுத்தி எடுக்கும் இரத்தக்குழாய் ஊடுகதிர்ப் படம்". "கண்ணுக்குள்ள சாயம் ஊத்துவாங்களாம், நான் போகல தம்பி" என்றார். இதே பெயரை முன்பும் இரண்டு மூன்று தாள்களில் பார்த்திருக்கிறேன். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

மூலச்சொல் ஆஞ்சியோகிராபி. கிரேக்கத்தில் ஆங்கெயோன் என்றால் கலம். கிராபெயின் என்றால் எழுதுவது. இரத்தக்குழாயை ஈழத்தில் குருதிக்கலன் என்கிறார்களே, அது இந்த வேருக்கு மிக அருகில் நிற்கும் சொல். சரி, வேர் அவ்வளவுதான்.

'ஊடுகதிர்' என்றால் எக்ஸ்ரே. அது இங்கே எங்கிருந்து வந்தது? இதயத்துக்கு எடுக்கும் ஆஞ்சியோவில் எக்ஸ்ரே உண்டு. அதன் தமிழ்ப் பெயரை அப்படியே தூக்கிவந்து முன்னால் 'கண்' சேர்த்துவிட்டார்கள். கண்ணுக்கு எடுப்பதில் எக்ஸ்ரே துளியும் கிடையாது. முழங்கை மடிப்பில் ஃப்ளோரசின் என்ற மருந்தை ஊசியில் ஏற்றுகிறார்கள். பத்துப் பதினைந்து நொடியில் அது இரத்தத்தோடு விழித்திரைக்கு வந்துவிடும். நீல வெளிச்சம் பட்டதும் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். காமிராவில் உள்ள வடிகட்டி நீலத்தைத் தடுத்து, அந்தப் பச்சையை மட்டும் உள்ளே விடும். அடைபட்ட இடம் இருட்டாகத் தெரியும். கசிகிற இடம் நேரம் போகப்போகப் பெருகும் வெளிச்சத் திட்டாகத் தெரியும். 1961-இல் அமெரிக்காவில் நோவாட்னி, ஆல்விஸ் என்ற இரண்டு மருத்துவ மாணவர்கள் வெளியிட்ட முறை இது.

'சாயம்' என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் மலையில் சாயம் என்றால் கலப்படத் தேயிலைத் தூள்தான் முதலில் நினைவுக்கு வரும். பச்சைத் தண்ணீரில் போட்ட உடனே நிறம் இறங்கினால் அந்தத் தூளைத் தொடமாட்டோம். துணியில் பிடித்து நிற்பதும் சாயம். இந்த மருந்து எங்கும் பிடித்து நிற்பதில்லை. ஓரிரு நாளில் சிறுநீரில் போய்விடும். 'மை' என்று சொல்லிப் பார்த்தாலோ, கண்ணுக்குப் பக்கத்தில் வந்ததும் அது கண்மை ஆகிவிடுகிறது.

நான் சொல்வது விழிநாள ஒளிர்படம். உள்ளே துளையுள்ள தாமரைத் தண்டுக்கும் நாளம் என்றுதான் பெயர். குழாய் என்றால் தெருக்குழாய்தான் கண்முன் வரும். வெளியிலிருந்து விழும் ஒளியில் எடுப்பது ஒளிப்படம். நடுவில் உள்ள 'ப்' போய் 'ர்' வந்தால், உள்ளே ஒளிர்வதை எடுப்பது. விழித்திரைக்குப் பின்னால் உள்ள நாளங்களைப் பார்க்க இண்டோசயனின் கிரீன் என்ற வேறு மருந்தைப் போடுவார்கள். அது அகச்சிவப்பில் ஒளிர்வதால் அதற்கும் இந்தப் பெயர் பொருந்தும். ஊசியே இல்லாமல், ஒளியைச் செலுத்தி விழித்திரையைப் படமெடுக்கும் ஓசிடி கருவியில் எடுப்பதை வெறும் விழிநாளப் படம் என்றால் போதும்.

தூய தமிழ் எனக்கும் வேண்டும். ஆனால் தாளை எழுதியவர் ஊசியை எங்கே போடுகிறார்கள் என்று ஒரு நர்ஸிடம் கேட்டிருக்கலாம். அகராதியை மட்டும் பார்த்து எழுதியதால்தான் கைக்குப் போகவேண்டிய ஊசி கண்ணுக்குப் போனது. ஊசி ஏறும் இரத்தநாளத்தைச் 'சிரை' என்று எழுதுவதும் சரிதான். பக்கத்திலேயே 'கை நரம்பு' என்றும் போடுங்கள், மக்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரு நாளைக்குத் தோல் மஞ்சளடிக்கும், சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், சிலருக்குக் குமட்டும். அந்தத் தாளில் இதில் ஒரு வரிகூட இல்லை.

பெரியம்மாவுக்கு இவ்வளவையும் சொன்னேன். முழங்கை மடிப்பைத் தடவிக்கொண்டே, "இங்கதானா?" என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம் காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.